வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள்

வெள்ளை மக்காச்சோள மாவு கொதிக்கும் வாசனை வந்தால் கடல் கடந்து நாங்கள் குடியேறிய ரானுயி புறநகர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம்; ஜிம்பாப்வேயில் ஏழு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா, அந்த ஊர்க் களியான "சாட்ஸா"வைத் தானே கிண்டி, அம்மாவின் கோழிக் குழம்போடு எங்களுக்குப் போடுவார். கூடத்துச் சுவரில், விடுதலைக்குப் பின் அந்த நாட்டை ஆண்ட தலைவரின் படம் தொங்கியது. "குக்கிராமத்துல எல்லாம் பள்ளிக்கூடம் திறந்த மனுஷன்" என்பார் அப்பா.

எனக்குப் பத்து வயதானபோது, அதே நாட்டின் புலவாயோ பக்கத்திலிருந்து வந்த தாண்டி என்ற அக்கா அடுத்த வீட்டுக்குக் குடிவந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. அப்பா சாப்பிடக் கூப்பிட்டதும் ஆசையாக வந்தவர், படத்தைப் பார்த்து வாசலருகிலேயே நின்றுவிட்டார்.

"நானும் அவர் திறந்த பள்ளியில்தான் படித்தேன், சார்" என்றார் ஆங்கிலத்தில். "அவருடைய சிப்பாய்கள்தான் என் அண்ணனைக் கொண்டுபோனார்கள். திரும்பவே இல்லை. நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள், உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா சாப்பிடாமலே போய்விட்டார்.

"ஏங்க, தெரியுமா உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியும். என் கிளாஸ்லயே ஒன்பது பசங்க வரல. பதிவேட்டுல 'ஊரை விட்டுப் போனான்'னு எழுதச் சொன்னாங்க, எழுதினேன். வேலை போயிடும்னு பயம். நீ அப்போ மாசமா இருந்தே."

மறுநாள் படத்தைக் கழற்றிவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு அப்பா அக்கா வீட்டுக்குப் போனார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, எழுதியதைச் சொன்னார், பிறகு ஒன்பது பெயர்களையும் வகுப்பில் கூப்பிடுவதுபோல வரிசையாகச் சொன்னார். அண்ணன் பெயர் வருமா என்று அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அக்கா என்னிடம் ஒரு நோட்டை நீட்டி, "எழுது. உன் அப்பாவை மறுபடியும் சொல்லச் சொல்" என்றார். எழுத்துக் கூட்டித் தந்து என் பிழைகளை அவரே திருத்தினார்; கடைசியில் பத்தாவதாகத் தன் அண்ணன் பெயரைத் தன் கையால் எழுதினார்.

ரானுயி வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு டவுன்ஹவுஸ்கள். தாண்டி அக்கா ஊர் திரும்பிவிட்டார். அந்தத் தலைவரும் இறந்துவிட்டார். செய்தி வந்த அன்று அப்பா டிவியை அணைக்காமல் கடைசிவரை பார்த்தார். அதே நகரின் எப்சம் பகுதியில் என்னோடு இருக்கும் அவருக்கு மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. என் மகளின் பெயர் பல நாள் அவருக்கு வருவதில்லை. அந்த ஒன்பதில் நான்கு மட்டும் இன்னும் வருகிறது. ஐந்தாவதில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். மீதியை நான் சொல்வேன்.