பாதிப் படம்

சில்வியா டீச்சர் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். கம்பைநல்லூருக்கு அப்பால் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "வூட்ல படிச்சுக்கங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிற ஆசிரியர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் ஒரு தொண்டு நிறுவனத்தில் கேட்டு அந்தப் படத்தை வாங்கி வந்தாள். பள்ளியில் படிக்கும்போதே கர்ப்பமாகிவிடும் ஒரு பெண்ணின் கதை.

தலைமை ஆசிரியர் மாதவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் பொண்ணுங்களுக்குக் காட்டற படமாம்மா? நாளைக்கு ஊரே வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

அம்மாக்களையும் உட்கார வைத்தே காட்டிவிடுகிறேன் என்றாள் சில்வியா. அவர் வாயை அடைக்க அதைவிட நல்ல யோசனை அப்போது தோன்றவில்லை. பையன்கள் கையில் பந்தைக் கொடுத்து மைதானத்துக்கு விரட்டிவிட்டார்கள். பிள்ளைக்கு அப்பன் என்று ஒருவன் வேண்டாமா, அவனுக்கு இந்தப் பாடம் வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை.

படம் நன்றாகத்தான் போனது. அந்தப் பெண் வாந்தி எடுத்தாள், அப்பா அடித்தார், ஊர் சிரித்தது. அம்மாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். வீட்டில் மாடு கறவைக்கு நிற்கும். பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். டாக்டர் உடம்பைப் பற்றிப் பொறுமையாக விளக்குவதும், அந்தப் பெண் மறுபடி பரீட்சை எழுதுவதும் அதற்குப் பிறகுதான் வந்தன. எழுந்து ஓடியவர்களில் சுகுணாவும் ஒருத்தி.

அடுத்த வாரம் சுகுணாவின் மகள் சுசித்ரா பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கேள்வி கேட்டே வகுப்பை இழுத்தடிக்கிற பெண் அவள். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து, சனிக்கிழமை சில்வியா வீடு தேடிப் போனாள்.

சுகுணா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "வாங்க டீச்சர், உங்களத்தான் நெனச்சுட்டே இருந்தேங்க. நீங்க மட்டும் அந்தப் படத்தக் காட்டலீன்னா நான் கண்ண மூடிட்டே இருந்திருப்பேன். வயசுப் பொண்ண வூட்ல வெச்சுக்கிட்டு எப்புடீங்க நிம்மதியாத் தூங்கறது? எந்தம்பி கோவிந்தன் ஓசூர்ல கம்பெனி வேலைல இருக்கான். தை பொறந்ததும் அவனுக்கே முடிச்சுப்புடலாம்னு பேசிட்டோம்."

சில்வியா சுசித்ராவைத் தேடினாள். சுவரோரம் நின்ற சுசித்ரா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவளுக்குப் பதினஞ்சு வயசுங்க. இப்ப கல்யாணம் பண்ணா அடுத்த வருசமே வயித்துல புள்ளயோட நிப்பா. படத்துல பாத்து அழுதீங்களே, அதே கதைதானங்க?"

சுகுணா குழம்பிப்போனாள். "அது எப்புடீங்க ஒண்ணாவும்? இவ கழுத்துலதான் தாலி இருக்குமே."

அவள் வாதாடவில்லை. உண்மையாகவே அவளுக்கு அந்த இரண்டும் வேறு வேறு. அதுதான் சில்வியாவைப் பயமுறுத்தியது.

"நீ என்ன கண்ணு சொல்ற?" என்று சுசித்ராவிடம் கேட்டாள்.

"அம்மா பஸ்ஸுக்கு ஓடுனப்பறம் வந்ததெல்லாம் சொன்னேன் மிஸ். அந்தப் பொண்ணு பரீட்ச எழுதறதையும் சொன்னேன். சினிமால ஆயிரம் காட்டுவாங்கன்னுட்டாங்க."

சில்வியா வாசலுக்கு வந்தாள். படம் காட்டியது தப்பா, அம்மாக்களைக் கூப்பிட்டது தப்பா? இப்போது புகார் சொன்னால் இந்த ஊரில் இனி எந்த அம்மாவும் மகளை அந்த வகுப்பில் உட்கார விடமாட்டாள். மாதவராஜ் அன்றைக்கே சொன்னேனே என்பார். எல்லாம் தெரிந்தும் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்தாள்.

சுகுணா ஒரு பை நிறையத் தக்காளியோடு வெளியே வந்தாள். "நம்ம தோட்டத்துதுங்க, எடுத்துட்டுப் போங்க. யாருங்க போன்ல?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "கல்யாணத்த நிறுத்தச் சொல்லிப் பேசறேங்க."

சுகுணா தக்காளிப் பையைத் தரையில் வைத்தாள்.

"நீங்கதானங்க டீச்சர் எங்களப் பயப்பட வெச்சீங்க?"

போனில் பெண்ணின் வயதை மறுபடியும் கேட்டார்கள். பதினைந்து என்று சில்வியா சொன்னாள்.