அம்மாவை ஆற்றுத்திட்டுக்குக் கூட்டிப்போன நாள்

தாமிரபரணியின் நடுவே மரங்கள் அடர்ந்த திட்டு ஒன்று இருந்தது. வனத்துறை அதைப் பறவைகளுக்கென்று ஒதுக்கி, ஆட்களைப் படகில் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருந்தது. நான் அங்கே போனது ஒரே ஒரு முறை. பறவை பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் அவளுடைய ஆடுகளை வியாபாரி வந்து ஏற்றிப்போக வேண்டும். அதுவரைக்கும் அவளை எங்கேயாவது வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வறட்சிக் காலம் அது. எப்போதும்வென்றான் கிராமத்தை ஒட்டிய எங்கள் ஊர்க் கரிசல் காடு, பாதம் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. நான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். வாரம் முழுக்க ஷிப்ட். லீவு நாளில் பஸ் பிடித்து ஊருக்குப் போய், சைக்கிளில் குடங்களைக் கட்டி ஆடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவருவேன். அந்த நாட்களில் நான் ஒழுங்காகத் தூங்கியது பஸ் சீட்டில்தான்.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு அந்த ஆடுகள்தான் எல்லாம். மேய்ச்சல் தூரம் கூடிக்கொண்டே போனது. வீங்கிய முழங்காலோடு தொரட்டிக்கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே நடப்பாள். அந்தக் கார்த்திகையில் ஓடைச் சரிவில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அரைநாள் வெயிலில் கிடந்திருக்கிறாள். ஆடுகள் மட்டும் வீடு வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி தேடிப்போய்த் தூக்கி வந்தார்.

"ஆட்டை வித்துட்டு எங்கூட வந்துரும்மா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"அங்கன வந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்பாள்.

கெஞ்சி அலுத்து, சண்டை போட்டு அலுத்து, கடைசியில் அவளிடம் பேசுவதே அலுத்துப்போனது. அப்புறம்தான் எனக்கு இந்தக் கோணல் புத்தி வந்தது.

தை அமாவாசைக்கு ஆற்றுக்குப் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுப்போம் என்றேன். அப்பா பெயரைச் சொன்னால் அவளால் மறுக்க முடியாது. அது தெரிந்துதான் சொன்னேன். அண்ணாச்சியிடம் முதல் நாளே விஷயத்தை உடைத்து, வியாபாரி வந்தால் பட்டியைத் திறந்துவிடச் சொல்லியிருந்தேன். "நல்லா இல்லடே இது" என்று முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

தர்ப்பணம் எட்டு மணிக்கே முடிந்துவிட்டது. வியாபாரி மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். எங்கே போய்ப் பொழுதைக் கழிக்க? படித்துறையில் நின்றவர்கள் இந்தத் திட்டைச் சொன்னார்கள். இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

அம்மா அதுவரை படகில் ஏறியதில்லை. விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து வந்தாள். திட்டை நெருங்கியதும் நிமிர்ந்தாள். மருதமும் நாவலும் ஆலுமாகப் பச்சை அப்பிக் கிடந்தது. கிளைக்குக் கிளை நாரைக் கூடுகள். பறவை எச்சம் விழுந்து விழுந்து மரத்தடியெல்லாம் வெள்ளையடித்த மாதிரி இருந்தது.

"இவ்வளவு எருவும் சும்மாவா கிடக்கு? ஏலம் கீலம் விட மாட்டாவளா?" என்று படகு தள்ளி வந்த வாட்சரிடம் கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டார். "இங்கன ஒரு பிடி மண்ணுகூட எடுக்கப்பிடாது பெரியம்மா. எல்லாம் அதுகளுக்குத்தான்."

அம்மாவுக்கு அது நம்பும்படியாக இல்லை. கரையேறி, கூட்டில் வாயைப் பிளந்துகொண்டிருந்த குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். எனக்கு நிற்கவே முடியவில்லை. முதல் நாள் ஷிப்ட் முடிந்து நேரே ஊருக்கு வந்து, விடியுமுன்பே கிளம்பியவன், கண் எரிந்தது. ஒரு மரத்தடியில் துண்டை விரித்தேன். இந்நேரம் வண்டி கிளம்பியிருக்குமா என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

வாட்சரின் சத்தம்தான் எழுப்பியது. அம்மா தலையில் ஒரு கட்டு ஆலங்குழையோடு நின்றுகொண்டிருந்தாள். தாழ்ந்த கிளைகளை வளைத்துத் தழையை ஒடித்து, விழுது நாரை உரித்துக் கட்டி, காட்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிறவளைப் போலத் தலையில் ஏற்றியிருக்கிறாள். வருஷக்கணக்காகப் பச்சையைக் காணாதவள் கை சும்மா இருக்குமா?

"என்ன பெரியம்மா இது? எலையைத் தொட்டாலே கேஸு. எம் வேலை போயிரும்" என்றார் வாட்சர்.

"தாழக் கிடந்ததைத்தான்யா ஒடிச்சேன். எங்க ஊர்ப் பக்கம் பேருக்கு ஒரு பச்ச எலை கிடையாது. வாயில்லாச் சீவன், காஞ்சு கிடக்கு" என்றாள் அம்மா. தொரட்டி இருந்தால் இன்னும் நல்ல கொழுந்தாகப் பறித்திருப்பேன் என்று வேறு சொல்லிவைத்தாள்.

பிடுங்கிப் போட்டுவிடுங்கள் அய்யா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அந்த ஒன்றை மட்டும் அவர் செய்திருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அவர் அம்மாவின் வெடித்த பாதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுற்றும்முற்றும் பார்த்தார். "சேலையைப் போட்டு மூடிக்கிடுங்க. இனிமே இப்படிச் செய்யாதீங்க" என்றார். அந்த நல்ல மனுஷன்மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் குழைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கென்று வாங்கிய தண்ணீர் பாட்டிலிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி ஊற்றித் தெளித்தாள். "வாடுனா மோந்துகூடப் பாக்காதுக" என்றாள். கண்டக்டர், "பயணம் உங்களுக்கா, ஆட்டுக்கா ஆச்சி?" என்று கேலி செய்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. குறுக்குச்சாலை தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"யம்மா, ஆட்டை வித்துட்டேன். இந்நேரம் ஏத்திக்கிட்டுப் போயிருப்பாவ."

தெளித்துக்கொண்டிருந்த கை நின்றது. ஒப்பாரி வைப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். வெளியே காடு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலை மூடிவிட்டு, "வளப்புக்கா, வெட்டுக்கா?" என்று கேட்டாள்.

"வெட்டுக்குத்தான்."

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

"செவலை ஆட்டையுமா?"

தலையை ஆட்டினேன்.

"அது மூணு மாசச் சினைல்லா" என்றாள்.

எங்கள் பக்கம் சினையாட்டை வெட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள், தெரிந்து வாங்கவும் மாட்டார்கள். ஒட்டிய வயிற்றில் மூன்று மாதச் சினை மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் வியாபாரிகள் மேய்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆட்டைப் பிடிப்பார்கள். அன்றைக்குக் கேட்பதற்கு ஆள் இல்லாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். அண்ணாச்சிக்கு என்ன தெரியும்? எனக்கே தெரியாது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். வியாபாரி வீட்டில் எடுத்த பெண், லோடு அப்போதே மதுரைக்குப் போய்விட்டது என்றாள். திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் குழைக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா" என்றாள். "அதை மட்டும் விட்டுட்டு, மத்ததை நானே பிடிச்சுக் குடுத்திருப்பேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுவாரம் நான் கூப்பிடுவதற்கு முன்பே துணிமணியைக் கட்டி வைத்திருந்தாள். சாகும்வரை கோவில்பட்டியில் என்னோடுதான் இருந்தாள். அவள் வந்த நாளிலிருந்து வீட்டில் என்ன செய்வதென்றாலும், காய் வாங்குவதாக இருந்தாலும்கூட, முதலில் அவளிடம் கேட்கப் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்க்காமல், "எங்கிட்ட என்னய்யா கேக்க? ஒன் இஷ்டம்" என்றாள்.