இடுப்புக் கயிறு வாங்கப் போன நாள்

அயனி மரத்தின் பால் கையில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் ஒரு கறுப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும்... கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரின் சட்டைகளில் எல்லாம் அந்தக் கறைதான்.

அவர் மரம் வெட்டுகிறவர். பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரை, கூரைமேல் சாய்ந்த மரம் என்றால் சுகுமாரனைத்தான் கூப்பிடுவார்கள். நான் அமரவிளையில் ஒரு தையல் கடையில் இருந்தேன். அவரோடு வேலை பார்த்தவர் கல்ஃபுக்குப் போய்விட, கீழே நின்று கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் போனது.

"ரெண்டு நாளைக்கு நீ வாறியா?" என்றார்.

போனேன். அந்த இரண்டு நாள் ஏழு வருஷம் ஆனது.

அறுத்த கொம்பைக் கயிற்றில் மெதுவாக இறக்க வேண்டும். கேட்டால் மரம் அறுக்கும் வாளை மேலே அனுப்ப வேண்டும். மற்ற நேரமெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்... அவ்வளவுதான் என் வேலை.

பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் குறை எனக்குப் பிடிபட்டது. இடுப்பு பெல்ட்டின் ஒரு வளையத்திலிருந்து மரத்தைச் சுற்றி மறு வளையத்துக்கு ஒரு கயிறு போகும். முடிச்சுப் போட்ட கயிறு. மேலே போகப் போக மரம் மெலியும், கயிறு தொளதொளவென்று ஆகிவிடும். ஒரு கையால் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மறு கையால் அவிழ்த்துக் கட்டுவார். குறுக்கே கொம்பு வந்தாலும் அப்படித்தான். அந்த ஒரு நிமிஷம் அவரை எதுவும் பிடித்திருக்காது.

"இழுத்தா சுருங்குற கயிறு உண்டாமே, அட்ஜஸ்ட் பண்ணுறது... ஒண்ணு வாங்குவமா?"

"அதெல்லாம் பயம் உள்ளவனுக்காக்கும். நான் பதினெட்டு வயசுல மரம் கேறினவன்."

பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு மழைக்காலம். வெள்ளறடையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் அடுக்களைமேல் பெரிய அயனி சாய்ந்து நின்றது. நாற்பது அடி உயரத்தில், மரம் இரண்டாகப் பிரியும் ஒரு கவை. கயிற்றை அவிழ்க்காமல் அதைத் தாண்ட முடியாது. முடிச்சோ மழையில் நனைந்து இறுகிக் கிடந்தது. அதை அவர் குடைந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் முசுறு எறும்புக் கூடு ஒன்று கலைந்துவிட்டது.

முடிச்சு அவிழ்ந்ததும் கால் வழுக்கியதும் ஒரே நேரத்தில் நடந்தது.

ஓர் ஆள் உயரம் சறுக்கினார். ஏற்கெனவே அறுத்திருந்த கொம்பில் மிச்சமிருந்த குற்றியில் எப்படியோ கால் நின்றது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டார். கயிறு ஒரு பக்க வளையத்தில் மட்டும் தொங்கி ஆடியது.

கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன்.

"எட்டி... நீ அங்கனதானே நிக்கே?"

"இஞ்சதான் நிக்கேன். எங்கயும் போவல்ல."

"கண்ணு தொறக்க முடியல்ல. எறும்பு. கயிறு எங்க கெடக்கு?"

ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

"வலது பக்கம், முட்டுக்குப் பக்கத்துல ஆடுது. இடது கைய எடுக்காண்டாம். வலது கைய மட்டும் மெள்ள கீழ விடுங்க... இன்னும் கொஞ்சம்... அதுதான். இனி மரத்துக்கு அந்தப் பக்கமா இடது கைக்குக் குடுங்க."

கண்ணை மூடியபடியே கயிற்றை வாங்கி, வளையத்தில் கோத்து, முடிச்சுப் போட்டார். டீச்சர் என் தோளைப் பிடித்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நகம் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது.

இறங்கி வந்தவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கழுத்திலும் இமையிலும் கடித்துக் கிடந்த எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீ சொன்ன கயிறு எங்க கிட்டும்?"

திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். நாலு விதம் எடுத்துப் போட்டார்கள். இவர் பளபளவென்றிருந்த சிவப்புக் கயிற்றை எடுத்தார். நான் அதன் முனையைத் திருப்பிப் பார்த்தேன். ஒற்றைத் தையல். நகத்தால் நெருடியதும் நூல் எழும்பியது.

"இந்தத் தையல்ல நான் பாவாட கூட தைக்க மாட்டேன்."

அடுத்தது, உள்ளே ஸ்டீல் கம்பி ஓடும் கயிறு. கனம் அதிகம், ஆனால் வாள் பட்டால் சட்டென்று அறாது. தையல் நெருக்கமாக, முன்னும் பின்னுமாக ஓடியிருந்தது. நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடி இருந்தது. கடை நடுவில் ஒரு தூண் நின்றது.

"கண்ண மூடிட்டு, ஒத்தக் கையால சுருக்கிப் பாருங்க."

அத்தனை பேர் நடுவில் அவர் தூணைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கயிற்றைச் சுருக்கினார், விட்டார், மறுபடி சுருக்கினார். மரம் ஏறுவது நானா என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே மலையாளத்தில் கேட்டார்: "கேறுன்னது சேச்சியாணோ?"

"அல்ல. தாழெ நில்க்குன்னது ஞானாணு," என்றேன், கீழே நிற்கிறவள்தான் நான் என்று.

இவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ரெண்டெண்ணம் எடுங்க. ஒண்ண மாட்டிட்டுத்தான் மத்தத அவுக்கணும்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது... கயிற்றைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இப்போது அவரிடம் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு இரண்டு கயிறு. ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள மைக் வந்துவிட்டது. புதுக் கயிறு வேண்டுமென்றால் போனில் வீடியோ பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். நான் வீட்டில் இருந்துகொண்டு, வேலை கேட்டு வரும் போன்களை எடுக்கிறேன். நல்லபடியாகத்தான் இருக்கிறோம்.

போன வாரம் அம்பூரியில் வேலை. சாப்பாடு கொண்டுபோனேன். மரத்தைச் சுற்றி, யாரும் உள்ளே வராதபடி டேப் கட்டியிருந்தார்கள். வேலைக்காரர்களில் ஒருவர் ஓடிவந்தார்.

"மைனி, ஹெல்மெட் இல்லாம டேப்புக்கு உள்ள வராண்டாம்."

சரிதானே... வெளியே நின்றேன். மேலே அவர் மைக்கில் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குக் கேட்கவில்லை.

பாத்திரத்தை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு, கழுத்து வலிக்கும் வரை நின்றுவிட்டு, பஸ் ஏறினேன்.