காற்றுப் பட்ட காயம்

தென்காசியில் ஒரு டாக்டரிடம் எக்ஸ்ரே மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். படம் எடுக்கும் கண்ணாடிக் குழாய் சீக்கிரம் கொதித்துவிடும். அதைக் குளிர வைக்க ஒரு காற்றாடி உண்டு. அதன் காற்று இரண்டு தகரக் குழல்களாகப் பிரிந்து, ஒன்று கண்ணாடிக் குழாய்க்கும் மற்றது மின்சாரப் பெட்டிக்கும் போகும். ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் வெந்துபோகும். இரண்டு வாயிலும் நூல் கட்டி, இரண்டும் ஒரே மாதிரி பறக்கும்வரை, காற்று பிரியும் இடத்திலுள்ள தகட்டைத் திருகுவேன். அதில் எவனாவது கை வைத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கம்பவுண்டரையே ஒருமுறை அறைந்திருக்கிறேன். யுத்த காலம், குழாய் உடைந்தால் வேறு கிடைக்காது.

குற்றாலத்துச் சாரல் ஊரெல்லாம் வீசிய ஒரு நாள், இலத்தூர்ப் பக்கமிருந்து ஒருவனை வண்டியில் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் சண்டையில் தோளில் வெட்டு. அரிவாளின் மூக்கு ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது.

“அது எங்கன இருக்குன்னு தெரியாம அறுத்தா ஆள் போயிருவான்” என்றார் டாக்டர்.

அவன் துடித்த துடிப்பில் முதல் படம் கலங்கிப்போயிற்று. குழாய் ஆறட்டும் என்று காற்றாடியை ஓடவிட்டு, நானும் டாக்டரும் அடுத்த அறையில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுடைய அண்ணன் மட்டும் பக்கத்தில் நின்றான். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டேன். படாரென்று குழாய் வெடித்துக் கண்ணாடிச் சில்லு காயக்காரன் மார்பிலெல்லாம் தெறித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணாடிக் குழாய்க்குப் போகும் குழல் வாயில் ஒரு தோள்துண்டு திணித்திருந்தது. வெடுக்கென்று உருவி எறிந்தேன்.

“எவம்லே அடைச்சது?”

“நாந்தான் அண்ணாச்சி. குளிர்காத்து மேல விழுது, பய நடுங்குதான். பச்சைக் காயத்துல காத்து பட்டா ஜன்னி கண்டுரும்லா!”

எங்கள் ஊரில் அது வேதவாக்கு. என் அம்மாவும் அதைத்தான் சொல்லுவாள். இருந்தும் நான் யோசிக்கவில்லை. “கெடுத்தியேலே, பாவி!” என்று முகத்தைப் பார்த்துக் குத்தினேன். பல் ஒன்று தரையில் விழுந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை.

டாக்டர் குருட்டாம்போக்கில் அறுத்தார். அண்ணன்காரன் வாயில் ரத்தம் வழிய வழியத் தம்பியின் காலை அமுக்கிப் பிடித்தான். அலறல் தெருமுனை வரை கேட்டதாம். கடைசியில் இரும்புத் துண்டு கிண்ணத்தில் விழுந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏழாம் நாள் காயக்காரனுக்குத் தாடை கட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்து, பல்லைக் கடித்தபடியே செத்தான். ஜன்னிதான். அரிவாளில் இருந்த மண்ணும் துருவும் செய்த வேலை என்றார் டாக்டர்.

சுடுகாட்டிலிருந்து அண்ணன் நேராக என்னிடம் வந்தான். கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அறைந்தான். மண்டை உடைந்தது. எனக்கும் பலமுண்டு, கையைத்தான் தூக்க முடியவில்லை. அரிவாள், துரு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“நாந்தான் அடைச்சு வச்சிருந்தேனே! அந்தத் துண்டை எதுக்குலே உருவினே?” என்று கேட்டுக் கேட்டு அடித்தான்.