நிமிர்ந்து நின்றால் நோகாத கால்

ஐயாயிரம் மீற்றர் ஐஸ் சறுக்கு வேகப் போட்டியின் கடைசிச் சுற்றுகளில் என் இடது கால் முதல் முறையாகக் கைவிட்டது. தொடை கல்லாகி, பாதம் இருக்கிறதா என்றே தெரியாமல் போனது. முந்திய பருவத்தில் அதே தூரத்தில் மாகாணச் சாதனை வைத்தவள் நான். அன்று கடைசியாக வந்தேன். ஸ்கேற்ஸைக் கழற்றி முடிப்பதற்குள் கால் சரியாகிவிட்டது.

இந்த நோயின் கெட்ட குணம் அதுதான். டொக்டரிடம் போகும்போது அது இருக்காது.

ரொறன்ரோவில் ஒவ்வொரு நிபுணருக்காகவும் மாதக்கணக்கில் காத்திருந்தேன். முதுகு, நரம்பு, இரத்தம், எல்லாம் நோர்மல் என்றார்கள். எல்லோரும் என்னைக் கட்டிலில் படுக்க வைத்தே பார்த்தார்கள். படுத்திருந்தால் நோகாது, குனிந்து சறுக்கும்போதுதான் நோகும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். ஒருவர் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். சாதனைக்குப் பிறகு எனக்குத் தோல்விப் பயம் வந்துவிட்டது என்றார் பயிற்சியாளர். நானும் அதை நம்பிக் கூடுதலாகப் பயிற்சி செய்தேன். கால் இன்னும் மோசமானது.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் எங்கள் வீட்டில் அம்மா ஒருநாள், "உந்த ஸ்கேற்றிங்கை விடு பிள்ளை. நடக்கேக்கை நோகேல்லைத்தானே" என்றார்.

"நான் பொய் சொல்லுறன் எண்டு நீங்களும் நினைக்கிறியளோ?"

"நினைக்கேல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வருத்தத்துக்கு நான் என்ன செய்ய?"

என் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கடைசியில் ஓர் இரத்தக்குழாய் நிபுணர் என்னை நகராத உடற்பயிற்சிச் சைக்கிளில், போட்டியில் குனிவதுபோலவே குனிந்து மிதிக்கச் சொன்னார். கால் செத்ததும் கணுக்காலில் இரத்த அழுத்தம் பார்த்தார். இடது பக்கத்தில் நாடித்துடிப்பே கேட்கவில்லை. இலியாக் தமனி (வயிற்றிலிருந்து காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்) வருடக்கணக்காக மடிந்து மடிந்து உள்ளே தடித்துவிட்டது. என் சாதனைக்கு உதவிய அதே குனிவுதான் காரணம்.

முந்தியே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். சிறிய சத்திரசிகிச்சையே போதுமாக இருந்திருக்கலாம், திரும்பவும் போட்டியிட்டிருக்கலாம் என்றார். அவர் மழுப்பாமல் சொன்னது பிடித்தது. சொன்ன விஷயம் பிடிக்கவில்லை.

குழாயைத் திறந்து, என் காலிலிருந்தே எடுத்த நாளத் துண்டால் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயின் துண்டு) ஒட்டுப் போட்டார்கள். நடக்கலாம், மெதுவாகச் சறுக்கலாம், ஆழக் குனியக் கூடாது. போட்டிகள் முடிந்தன.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: எந்த நிலையில் கால் நோகிறதோ அந்த நிலையில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நோவைச் சொன்னேனே தவிர, அப்படிச் சோதிக்கக் கேட்கத் தயங்கினேன்; அதில் எனக்குப் போன காலம் திரும்பாது.

இப்போது மார்க்கம் நகரில் பொதுமக்களுக்கான ஐஸ் தளத்துக்குப் போகிறேன். நிமிர்ந்து சறுக்கும்போது காற்று நேரே நெஞ்சில் அடிக்கிறது. அது எனக்குப் புதிது. இரண்டு பாதங்களும் கதகதப்பாக இருக்கின்றன. குடும்பங்கள் பேசிக்கொண்டே என்னைக் கடந்து போகின்றன. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.