அக்கிக்கு எழுதிய சிங்கம்

போன கோடையில் என் இடது விலாவில் அக்கி வந்தது. அன்றே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் குடும்பத்தில் அக்கிக்கு எழுதுவதுதான் வழக்கம். குயவர் காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவார். சொந்த ஊரை விட்டு வெகுதூரம் மாற்றலாகி வந்திருக்கும் கார்டன் ரீச்சில் அக்கி எழுதும் குயவருக்கு எங்கே போவது? கோலத்துக்கு வைத்திருந்த காவிக் கட்டியைக் கரைத்து, தஞ்சாவூரிலிருந்து நாத்தனார் வீடியோவில் சொல்லச் சொல்ல, ரயில்வே அதிகாரியான என் கணவரே எழுதினார். சிங்கம் பூனை மாதிரி வந்தது. அந்தப் பூனையை நம்பி ஐந்து நாள் உட்கார்ந்திருந்தேன். எம்.எஸ்ஸி. படித்து என்ன பிரயோஜனம்!

கொப்புளம் காய்ந்தது, எரிச்சல் போகவில்லை. மின்விசிறிக் காற்று பட்டாலே நெருப்பு வைத்தாற்போல் எரிந்தது. ஒருநாள் என் ஆறு வயது மகள் பள்ளியிலிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அலறி, அவளைத் தள்ளிவிட்டேன். கட்டில் காலில் நெற்றி இடித்து வீங்கிவிட்டது. அதன்பின் அவள் என் பக்கத்திலேயே வரவில்லை. வாசலில் நின்றபடியே "போய்ட்டு வரேம்மா" என்பாள். இனி என்னைத் தொடவே மாட்டாளோ என்று பயந்து செத்தேன்.

அலிப்பூரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தோம். தொடுவதையும் வலியையும் தண்டுவடத்து நரம்பு செல்கள்தான் பிரித்து மூளைக்கு அனுப்புமாம். எனக்கு அந்தப் பிரிப்பு கெட்டுப்போய், தொட்டாலே வலி என்று சேதி போகிறதாம். "இந்த மாத்திரை அதுகளை அடக்கும். முதல் மூணு நாளிலேயே வந்திருக்கலாமே" என்றார் அவர். நாங்கள் சிங்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வலியோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் அடங்கும் என்று கேட்க நினைத்தேன். பதிலுக்குப் பயந்து கேட்காமல் வந்துவிட்டேன்.

மாத்திரையில் தலை சுற்றியது. இரண்டு முறை அளவைக் கூட்டினார்கள். ஒன்றரை மாதத்தில் காற்று பட்டால் எரியவில்லை. ஒரு ஞாயிறு காலை மகளைக் கூப்பிட்டேன்.

"தொட்டா கத்த மாட்டியே?"

"மாட்டேன்டி கண்ணா."

சட்டையைத் தூக்கிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் கம்பியை இறுகப் பற்றினேன். கீழே தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சீக்கிரம் தொடேண்டி, அம்மாவுக்கு பயமா இருக்கு."

"தொட்டுண்டுதானேம்மா இருக்கேன்."

குனிந்து பார்த்தேன். ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கை முழுவதையும் என் விலாவில் பதித்திருந்தாள். அது அங்கே இருப்பது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.