ஜூன் தாண்டட்டும்

காது, மார்பு, இடுப்பு வார், முழங்கை, மறுபடி காது. மளிகைக் கடை வரிசையில் நிற்கும்போதுகூட வெர்ன் கூய்மனின் வலக்கை இப்படி உடம்பெல்லாம் உலாப் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஊர்க் கல்லூரியின் பேஸ்பால் கோச் அவர். ஆட்டத்தின்போது, ஓடுகிறவர்கள் தொட்டுப்போகும் மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில் நின்று, இந்தத் தடவல்களால்தான் பையன்களுக்கு உத்தரவு போடுவார். தொடும் இடங்களில் ஒன்று மட்டும் சாவி. அதற்கு அடுத்துத் தொடுவதுதான் நிஜம். மற்றதெல்லாம் எதிரணியை ஏமாற்ற. எங்கள் அயோவா சட்டமன்றத்தில் பேசுகிறவர்களும் ஏறக்குறைய இதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். அங்கே சாவி மட்டும் கிடையாது.

இந்த விளையாட்டில் ஒரு கொடுமை உண்டு. கூடைப்பந்து கோச் கோட்டும் டையுமாக வரலாம். பேஸ்பாலில் அறுபதைத் தாண்டிய மனிதரும், பேரன் வயதுப் பையன்கள் போடும் அதே இறுக்கமான வெள்ளைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டுதான் மைதானத்தில் இறங்கவேண்டும். கூய்மனுக்கு அதில் வெட்கமில்லை; வெட்கப்பட நேரமுமில்லை. புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, பையன்களின் சட்டைகளைத் துவைக்கப் போடுவது எல்லாம் அவரே. சிறிய கல்லூரியில் தலைமை கோச் என்றால் வண்ணாருக்கும் தோட்டக்காரருக்கும் சேர்த்து ஒரு தொப்பி.

மீசை கறுப்பாக இருந்த காலத்தில் இங்கே வந்தார். "ரெண்டு வருஷம், அப்புறம் பெரிய எடத்துலேர்ந்து கூப்பிடுவாங்க" என்று மனைவி ஆர்லீனிடம் சொல்லித்தான் வீடு பிடித்தார். பெரிய பல்கலைக்கழகங்களில் கோச்சுகளை விரட்டுவதும் புது ஆளைக் கூப்பிடுவதும் ஜூன் மாதத்தில் நடக்கும். ஆகவே கூய்மன் வீட்டில் எதற்கும் ஒரே பதில்: "ஜூன் தாண்டட்டும்." கூரை ஒழுகினாலும் ஜூன் தாண்டட்டும். ஆர்லீன் கொல்லையில் ஆஸ்பராகஸ் நடப்போனபோது, "மூணு வருஷம் கழிச்சு வெட்டுற தண்டு நமக்கெதுக்கு?" என்று தடுத்துப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு மே மாதமும் தெருவுக்கே அதைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். கோச்சும் வெண்ணெயில் வதக்கிச் சாப்பிடுகிறார், வாய் திறக்காமல்.

அழைப்பு வராமலில்லை. அவருடைய உதவி கோச்சுகளுக்கு வரும். கூய்மனிடம் தொழில் பழகிய பையன்கள் ஒவ்வொருவராகப் பெரிய இடங்களுக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார்கள். அட்டையில் குழந்தைகளுக்குப் பின்னால் தெரியும் அரங்கம் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

இந்த வசந்தத்தில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமை கோச் பதவி காலி என்று வானொலியில் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை, அங்கிருந்து ஃபென்டன் என்ற விளையாட்டு இயக்குநர் எங்கள் மைதானத்துப் பலகைப் படியில் வந்து உட்கார்ந்தார். யாருக்கும் தெரியாமல் வந்ததாக அவர் நினைப்பு. எங்கள் ஊரில் அவ்வளவு பளபளப்பான காலணி சவ அடக்கத்துக்குத்தான் வெளியே வரும்.

அன்றைக்குக் கோச்சின் கை ஒரு கச்சேரியே நடத்தியது. முழங்காலைத் தொட்டார், மூக்கைத் தொட்டார், அதுவரை ஊர் பார்த்திராத இடங்களையெல்லாம் தொட்டார். முதல் தளத்தில் நின்ற பையன், ஓடச் சொல்கிறார் என்று ஓடினான். மட்டை பிடித்தவனோ, சும்மா இருக்கச் சொல்கிறார் என்று மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டான். ஓடியவன் பாதி வழியில் அவுட்.

பன்றிப் பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு, இப்போது ஆட்டத்துக்கு வந்து கத்துவதையே தொழிலாக வைத்திருக்கும் ஜெரால்ட் எழுந்தார். "என்ன வெர்ன், எறும்பு ஏறிடுச்சாய்யா? சட்டையக் கழட்டி உதறு."

ஓடிய பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "கோச், நீங்க சாவிய ரெண்டு தடவ தொட்டீங்க."

"மூணு தடவ. போய் உக்காரு."

இந்தப் பக்கம், உதவி கோச் கோரி ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, பந்து எறியும் பையனோடு உட்கார்ந்திருந்தான். பையன் எறிவதெல்லாம் தாறுமாறாகப் போய்க்கொண்டிருந்த நேரம். கோரி ஏதோ கேட்டான், பையன் சிரித்தான், திரும்பிப் போய் ஒழுங்காக எறிந்தான். ஃபென்டனின் கண் ஆட்டம் முடியும்வரை அந்த வாளியைவிட்டு நகரவில்லை. கோச் இதைப் பார்க்கவில்லை. பார்த்த எங்களில் யாருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆட்டம் முடிந்து ஃபென்டன் கம்பி வேலியருகே போனார். நானும் ஜெரால்டும் பின்னாலேயே நின்று காலணிக் கயிற்றைக் கட்டினோம். ஜெரால்ட் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ்.

"கூய்மன், ஒங்களப் பத்தி நெறைய கேள்விப்பட்டிருக்கேன்."

"அப்படியா. சந்தோஷம்."

"ஒரு விஷயம், நீங்க மனசு விட்டுச் சொல்லணும்."

"கேளுங்க." கோச்சின் முதுகு நிமிர்ந்தது.

"தலைமைப் பதவிக்கு ஆளு முடிவாயிருச்சு. பந்து எறியிற பசங்களப் பாத்துக்க ஒருத்தர் வேணும்னு அந்தப் புது கோச் கேக்குறாரு. ஒங்க கோரி எப்படி?"

கூய்மன் வாயில் ஒதுக்கியிருந்த சூரியகாந்தி விதைகளைத் தொலியோடு விழுங்கினார். "நல்ல பையன்தான், ஆனா" என்று இழுத்திருந்தால் போதும். எங்கள் பக்கத்தில் அந்த 'ஆனா'வினால் பல பேருக்கு வேலை போயிருக்கிறது, ஓரிருவருக்குக் கல்யாணமே நின்றிருக்கிறது. கோரி போய்விட்டால் அடுத்த வருஷம் அந்த வாளியில் உட்கார அவருக்கு ஆளும் கிடையாது.

"அவன இங்க வெச்சிக்கிட்டிருக்கறது பாவம்" என்றார் கோச். "நான் பசங்களுக்குப் பேசிப் பேசிச் சொல்லித்தருவேன். அவன் பசங்களப் பேச விடுவான். எனக்கு அது இன்னும் சரியா வரல. அவன் வரும்போதே கொண்டுவந்தான். கூட்டிட்டுப் போங்க."

ஃபென்டன் கைகுலுக்கிவிட்டு, கோரி எங்கே என்று கேட்டார். கோச் வழி காட்டினார்.

சாயங்காலம் உணவுக்கடையில், எல்லார் காதும் கேட்க ஆர்லீன் கேட்டார். ஜெரால்டைத் தவிர ஊரே 'கோச்' என்று கூப்பிடுவதால் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். "என்ன கோச், என்ன சொன்னாரு?"

"கோரிய எடுத்துக்கறாங்க."

"ஒங்கள?"

"ஜூன் தாண்டட்டும். வேற எடமா இல்ல?"

ஆர்லீன் தன் தட்டில் இருந்த பாதி ஆப்பிள் பை இனிப்பை அவர் தட்டுக்குத் தள்ளினார். ஜெரால்டுக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு கிண்டலும் தோன்றவில்லை.

ஜூன் பிறந்தது. கோரி காரில் சாமான் ஏற்றிக்கொண்டு போயாயிற்று. போன வாரம் நான் மைதானத்துப் பக்கம் போனபோது, கூய்மன் கொட்டகையில் மண்டி போட்டு, புல் வெட்டும் வண்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது.

"விதைக்கடைக்காரனா இருக்கும்" என்றேன்.

அவர் எழுந்து, கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். இரண்டு விரல்களை நாக்கில் நனைத்து, மிச்சமிருந்த முடியை வலப்பக்கமாகப் படிய வாரிவிட்டுக்கொண்டார். பிறகுதான் ரிசீவரை எடுத்தார்.